புல் கழுவுகிறவர்

மகள் வீட்டுக்குப் பக்கத்துக் குதிரை லாயத்தில் வேலை செய்த தமிழர் அவர். பெரிய வயிறு, சேற்றுப் பூட்ஸ். குண்டுக் குதிரை ஒன்றுக்குக் காய்ந்த புல்லை ஊறவைத்து, பிழிந்து, தராசில் நிறுத்துத்தான் போடுவார். பனியிலும் அதற்குப் போர்வை இல்லை. பாவம் என்று நான் வேலியால் தினமும் வாழைப்பழம் நீட்டுவேன். ஒருநாள் பிடிபட்டேன்.

“அம்மா, நான் புல்லிலை இருக்கிற சீனியைக் கழுவி எடுக்கிறன். நீங்கள் திரும்ப ஏத்திறியள். இன்னும் கொழுத்தால் குளம்பு நொந்து இதுக்கு நடக்க ஏலாது.”

“குளிருமே, தம்பி?”

“குளிரட்டும். அப்பதான் கொழுப்புக் கரையும்.”

வெட்கத்தில் மிச்சப் பழங்களை அவரிடமே கொடுத்தேன். குதிரை பார்த்தால் ஏங்கும் என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மூன்றையும் சாப்பிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் என் பின்னால் மறைந்துவிட்டதாக எப்படித்தான் நம்பினாரோ, தெரியாது. நான் மட்டும் அசையாமல் நின்றேன்.