எஸ்தர் அக்கா வீட்டில் ஓடிய படம்

எஸ்தர் அக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

மஞ்சக்குப்பத்தில் நான் முன்பு வேலை பார்த்த மனநல டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுவாரே, அவர்தான். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு அவர் முகம் ஞாபகம் இருக்கும். அங்கே போனதை யாரும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டீர்கள், பரவாயில்லை.

மஞ்சள் காமாலையாம். முற்றிய பிறகுதான் தெரிந்திருக்கிறது.

டிகிரி முடித்ததும் நான் சேர்ந்த முதல் வேலை அது. பில் போடணும், போன் எடுக்கணும். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான், ஆனால் போன் அடித்தாலே எடுக்காமல் அக்காவைப் பார்ப்பேன்.

"ஹலோ மட்டும் சொல்லு கலா. மீதிய அவுங்களே பேசிடுவாங்க" என்பார் அக்கா. உண்மைதான்... பேசிவிடுவார்கள்.

அடுத்த வருஷமே சிதம்பரத்தில் இருக்கும் அத்தை மகனுக்கு என்னைப் பேசி முடித்தார்கள். குமார் மாமா. செல்போன் கடை. ரீசார்ஜ் பண்ண வருகிற பெண்களின் நம்பரெல்லாம் சாயந்திரத்துக்குள் அவர் போனில் ஏறிவிடும். ஒரு தடவை ஒரு பெண்ணின் வீட்டு ஆட்கள் கடைக்கே வந்து அடித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் தெரியும்.

"கல்யாணம் ஆனா சரியாயிடுவாம்மா. நீ படிச்ச புள்ள, பக்குவமா எடுத்துச் சொன்னா கேப்பான்" என்றார் அப்பா.

நான் படித்தது பி.காம். அதில் இந்தப் பாடம் இல்லை.

பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் மாமா என்னைப் படத்துக்குக் கூப்பிட்டார். தனியாக அனுப்ப மாட்டார்களே... துணைக்கு எஸ்தர் அக்கா வந்தார். சிதம்பரம் தியேட்டரில் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ஹீரோவுக்குப் பார்க்கிற பெண் மேலெல்லாம் காதல். ஒரு லேடி டாக்டரிடம் கவுன்சிலிங் போவான். சோபாவில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு கதையாகச் சொல்வான், ஒவ்வொரு கதைக்கும் ஒரு பாட்டு. கடைசியில் அந்த டாக்டரையே கட்டிக்கொண்டு திருந்திவிடுவான். தியேட்டரே கைதட்டியது.

"நம்ம டாக்டரு ஆளுக்கு அஞ்சு நிமிஷந்தான் குடுப்பாரு. இவன் ரெண்டரை மணி நேரமா படுத்திருக்கான், எழுப்பவே மாட்றாங்களே" என்று அக்கா என் காதில் சொன்னார்.

"பாத்தியா கலா, நம்ம கதை மாதிரியே இல்ல?" என்றார் மாமா. ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அக்காவாகவே சொன்னார். "எங்க வீட்டுலயும் இதே படந்தான் ஓடுது. இன்னும் இன்டர்வெல்லே விடல."

சிரித்தோம். அவர் வீட்டுக்காரருக்கு நெல்லிக்குப்பத்தில் இன்னொரு வீடு இருந்தது. அக்காவையும் அவரைத் திருத்தத்தான் கட்டிக் கொடுத்தார்களாம்.

அந்தப் படக் கதையை மாமா அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். அத்தை பிடித்துக்கொண்டார்... இதற்கு வைத்தியம் இருக்கிறது, அதுவும் மருமகள் வேலை பார்க்கிற இடத்திலேயே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மகனை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கே வந்துவிட்டார். அன்று கூட்டம் ஜாஸ்தி.

எங்கள் கிளினிக்கில் பேஷண்ட் தனியாக உள்ளே போக முடியாது. வீட்டு ஆள் ஒருவர் கூடப் போகணும். மாத்திரை கொடுப்பது, திரும்பக் கூட்டி வருவது எல்லாம் இனி அவர் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு டோக்கனுக்கும் அக்கா சத்தமாகக் கேட்பார், "கூட யாரு போறது?"

அத்தை பில் டேபிளுக்கு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவு முன்னால் நிறுத்தினார். "இவதான். கட்டிக்கப் போறவ. இனிமே இவந்தான் இவளுக்கு, இவதான் இவனுக்கு."

ஹாலே என்னைப் பார்த்தது. நான் உள்ளே போயிருப்பேன். நிஜமாகவே... ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன்.

அக்கா கதவுக்குக் குறுக்கே கையை வைத்தார். "அவ ஸ்டாஃபும்மா. பெத்தவங்க நீங்க இருக்கீங்க இல்ல, நீங்க போங்க."

"நான் சொல்லி எங்க கேக்கறான்? அதுக்குத்தான இவளக் கட்டி வைக்கிறோம்."

"பெத்த உங்களாலயே ஆவல. இவ என்னம்மா மாத்திரையா, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு குடுக்க?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு வாய் வந்தது.

"நான் வரல அத்தை."

"எங்க வரல? உள்ளயா?"

"எங்கயும்."

அவ்வளவுதான் பேசினேன். கல்யாணம் நின்றது. அப்பா என்னோடு பேச ஆரம்பிக்க ரொம்ப நாள் ஆனது. அத்தை வீட்டோடு இன்றுவரை போக்குவரத்து இல்லை.

டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்தார், பேஷண்ட் வீட்டு ஆளிடம் இப்படியா பேசுவது என்று. அக்கா வெளியே வந்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். சாயந்திரம் நான் நன்றி சொல்லப் போனபோது பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். "நேரமாவுது கலா. அந்தாளு இன்னிக்கு சாப்பாட்டுக்கு வந்தாலும் வருவாரு."

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

ஐஸ் பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் எப்படி இருந்தவன்... அவதான என்னை மனுஷனாக்குனா."

எல்லோரும் தலையாட்டினார்கள். எஸ்தர் மாதிரி பொறுமை யாருக்கு வரும் என்றார் ஒரு அம்மா.

ஆஸ்பத்திரியில் கடைசிவரை கூட இருந்த அக்காவின் தங்கச்சி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் தலையாட்டவில்லை. இதையெல்லாம் அங்கே வைத்து என்னால் சொல்ல முடியாது. அந்த வீட்டில் யாரும் ஃபேஸ்புக்கில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சொந்தக்காரர்கள் வெளியூரிலிருந்து வரணுமாம். நாளைதான் அடக்கம்.

அந்த வீட்டுல இன்னிக்கு ஒரு ராத்திரிதான்க்கா... நாளைக்கு மதியம் எடுத்துடுவாங்க.