மடை மோட்டார் ஆன கதை

லால்குடிப் பக்கத்து எங்கள் ஊரில், ஒருவர் பேச ஆரம்பித்து நிறுத்தாமல் போனால் "மடை திறந்துடுச்சு" என்போம். வந்தவரிடம் நேராகச் சொல்ல முடியாது. என் கணவர் ஏதோ வயல் விஷயம் போல அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொல்வார். நான் உடனே மாடு கயிற்றை அறுத்துக்கொண்டதாகக் குரல் கொடுத்து அவரைக் காப்பாற்றுவேன். அந்த மாடு இத்தனை முறை எப்படிக் கயிற்றை அறுக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

மகளின் காலேஜுக்காக மன்னார்புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தோம். இங்கே மாடு இல்லை. ஆனால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இருந்தார். கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்து, வேலையில் ஓய்வு பெற்று வந்தவர், நல்ல மனிதர். ஞாயிறுதோறும் கார் நிறுத்துமிடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துத் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசுவார். முதல் ஞாயிறு என் கணவர் மட்டும் போனார். தாங்க முடியாவிட்டால் எனக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்ப வேண்டும், நான் போன் செய்து மேலே அழைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார், "மடை திறந்துடுச்சு" என்று. எனக்கு அல்ல, குடியிருப்போர் குழுவுக்கு.

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெண் மோட்டாரை நிறுத்த ஓடினாள். இரண்டாம் மாடிக்காரர் வாளியோடு வெளியே வந்தார். செயலாளர் பேச்சைப் பாதியில் விட்டு, லிஃப்ட்டுக்குக் காத்திராமல் நான்கு மாடி ஏறினார். தொட்டியில் பாதிதான் தண்ணீர் இருந்தது.

மூச்சு வாங்க இறங்கி வந்தவர், "எந்த மடை சார்?" என்று கேட்டார்.

"ஊர்ல எங்க வயலுக்குத் தண்ணி திறந்திருக்காங்க சார். சந்தோஷத்துல இங்க போட்டுட்டேன்," என்றார் என் கணவர்.

செயலாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எந்த வாய்க்கால், என்ன நெல் என்று விசாரித்துவிட்டு, பாசனம் பற்றி இன்னும் முக்கால் மணி நேரம் பேசினார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் போன் செய்யவில்லை. பொய் சொன்னவர் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண்ணிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மலைக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். சிரித்து ஓய்ந்தபின், ஏதோ தண்ணீர் விஷயம் என்றுதான் நேற்று ஓடியதாகச் சொல்லி, மடை என்றால் என்ன என்று கேட்டாள். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் இடம் என்றேன்.

"எங்களுக்கு அதெல்லாம் எங்கக்கா தெரியும்? மோட்டார் போட்டாச்சுன்னு சொல்லுங்க, சட்டுன்னு புரியும்."

ஒரே மாதத்தில் எங்கள் மாடி முழுக்க அதுவே வழக்கமாயிற்று. ஊருக்குப் போனபோது என் நாத்தனாரும் அதையே சொன்னாள். கொண்டுபோய்ச் சேர்த்தவர் என் கணவர்தான்.

ஒருநாள் செயலாளர் மாடிப்படியில் யாரையோ பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண் என் காதில் "மோட்டார் போட்டாச்சுக்கா" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. அவர் திரும்பினார்.

"இல்லையேம்மா, இப்பத்தானே நிறுத்திட்டு வந்தேன்."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது. எனக்கு வெட்கமாகிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன்.

"கைலாசபுரத்துல இருந்தப்ப என் வீட்டுல 'ஷிஃப்ட் ஆரம்பிச்சுடுச்சு'ன்னு சொல்லுவாங்கம்மா," என்றார். "அதுக்கு இது தேவலை."

அடுத்த ஞாயிறு, "மோட்டார் போடலாமா?" என்று கேட்டுத்தான் பேச்சையே தொடங்கினார். அவரே எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்கு அது உதவாமல் போயிற்று. வேறு சொல் தேடுகிறோம். எதிர்வீட்டுப் பெண் இரண்டு சொல்லியிருக்கிறாள். இரண்டுமே எழுதக்கூடியவை அல்ல.