எண்ணப்படாத கை

காலை ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெரியவர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காதில் இயர்போன், மடியில் போன். மாதத்தில் ஒருநாள் மட்டும் வலக்கையை உயர்த்தி, சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு இறக்குவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்: "யாருக்குய்யா கை காட்டுறீங்க?"

"வோட்டுப் போடுறன் தம்பி."

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் கிராமசபையில் உறுப்பினராக இருந்தவர். மகளோடு இங்கே நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தபின் கூட்டத்தைப் போனில் பார்க்கிறார். அந்த ஊர்ப் புல்வெளி ஏதோ ஒரு பழைய மன்னர் காலத்திலிருந்து ஆடுகள் மேய்வதற்கென்று விடப்பட்டது. இப்போது ஊரில் ஆடே இல்லை. அங்கே ஒரு பெஞ்ச் போடலாமா என்பதுதான் பல வருஷத்து விவாதம். இவர் ஆடுகளின் பக்கம்.

"இங்கேருந்து தூக்கினா எண்ணுவாங்களா?"

"எண்ணமாட்டினம். அங்க நேரில இருக்கிறவையின்ர கையைத்தான் எண்ணுவினம். அதுக்காக நான் சும்மா இருந்தா, பெஞ்சுக்குச் சம்மதம் எண்டு ஆயிடுமே."

அன்றுதான் கடைசி வாக்கெடுப்பாம். சொல்லிக்கொண்டே கையை உயர்த்தினார். போனையே பார்த்திருந்தார்.

"ஒரு வோட்டால தோத்துப்போனம்," என்றார், கையை இறக்காமல்.

என் ஸ்டேஷனான நியூ லின்னில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கை அப்படியே இருந்தது. நடைமேடையில் நின்ற ஒரு பெண், தனக்குத்தான் என்று நினைத்து, பதிலுக்குக் கையசைத்தாள்.