விதானையார் கையெழுத்து வைக்கவில்லை

நாடகம் படிக்கிறவனுக்கு ஊரில் ஒரு வசதி உண்டு: என்ன படிக்கிறாய் என்று யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை. திரைக்குப் பின்னால் நின்று, முன்னால் நடப்பது தன் கையை விட்டுப் போவதைப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எப்போதாவது கல்யாண வீட்டில் பந்தி நடத்தியிருந்தால் போதும், விளங்கும்.

இரண்டு கதிரைகள்

இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்பில், பல்கலைக்கழகத்தில் எனக்கு முதல் வருடம் முடிந்திருந்தது. நாடகம் அங்கே தனிப் படிப்பாக இருக்கவில்லை. இலக்கியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வகுப்பு. அதை நடத்திய விரிவுரையாளர், அடுத்த வருடம் பத்துப் பேரைத்தான் எடுப்பேன் என்றார். நீண்ட விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய், ஊர்ச் சனத்தை வைத்து, சொந்தமாக எழுதிய நாடகம் ஒன்றை மேடையேற்ற வேண்டும். அது தொடங்கி முடியும்வரை நடந்தது என்று, பார்த்திருந்த ஓர் உத்தியோகத்தர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இல்லாதவனுக்கு வகுப்பில் இடம் இல்லை.

நான் பாலையூற்றில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அப்பா துறைமுகக் கந்தோரில் எனக்கு ஓர் எழுத்தர் கதிரை பார்த்து வைத்திருந்தார். யுத்தத்தால் கந்தோரில் ஆட்கள் போதவில்லை. நான் நிபந்தனையைச் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார். கடைசியில் சொன்னார்: "சரி. கையெழுத்தோடை வந்தால் கொழும்பு. இல்லாட்டில் கந்தோர். ரெண்டும் இருந்து செய்யிற வேலைதானே."

கண்டதை எழுதுகிறவர்

பட்டணத்து மண்டபங்கள் எல்லாம் படையின் கையில். ஆகவே கடற்கரையோரமாகச் சைக்கிளை மிதித்துச் சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போனேன். அப்பாவுக்குத் தெரிந்த நாகமணியண்ணை அங்கே இருந்தார். டொக்யாட் என்ற கப்பல் பட்டறையில் கிரேனுக்குக் கீழே நின்று, மேலே இருக்கிற ஓட்டுனருக்கும் கீழே சுமை பிடிக்கிறவர்களுக்கும் கைச்சைகை காட்டுவது அவருடைய வேலை. சின்ன வயதிலிருந்து ஊர்க் கூத்துகளில் ராசா. என் நாடகத்திலும் ராசாதான் என்றதும் கதையைக் கேட்காமலே சம்மதித்தார். கதை இதுதான்: ராசா, மந்திரியின் சொல்லைக் கேட்டு ராணியைக் காட்டுக்கு அனுப்புகிறான். உண்மை தெரிந்து தேடிப் போகிறான். ராணி அவனோடு வர மறுத்து, தனியாக நிற்கிறாள். திரை.

கையெழுத்துக்கு உத்தியோகத்தர் வேண்டும். சல்லிக்கு உத்தியோகத்தர் என்றால் ஊர்த் தலைமைக்காரரான விதானையார். அரசாங்கம் அவருக்கு ஒரு தகரத் தொப்பியும் ஊதுகுழலும் கொடுத்து ஏ.ஆர்.பி. வார்டனாகவும் ஆக்கியிருந்தது. விமானத் தாக்குதலுக்குச் சைரன் ஊதினால் சனத்தைப் பதுங்குகுழிக்குள் இறக்குவது அவர் பொறுப்பு. என் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "தம்பி, தொடக்கமும் நடுவும் முடிவும் நான் கண்ணாலை காண வேணும். கண்டால் எழுதுவன். அரைவாசி கண்டால் அரைவாசி எண்டுதான் எழுதுவன்."

ராசாவின் கை

ராணியாக நடித்தவர் குலசேகரம், டொக்யாட் களஞ்சியத்தில் சாமான் எடுத்துக் கொடுப்பவர். ராணியின் பல்லக்கைத் தூக்க நாகமணியண்ணை தன்னோடு வேலை செய்யும் நாலு பேரைக் கூட்டி வந்தார். முதல் ஒத்திகையில் பல்லக்கு நன்றாகத்தான் வந்தது. ராசா முன்னால் வந்து, "இந்த மண் என் மண்" என்று உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல அசைத்தார். நாலு பேரும் பல்லக்கை அங்குலம் அங்குலமாக இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு விலகி நின்றார்கள்.

மறுபடி தொடங்கினோம். மறுபடி இறங்கியது. மூன்றாம் முறை ராசா கையை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தார். பல்லக்கு நடுவழியில் அசையாமல் நின்றது, உள்ளே குலசேகரம் பயத்தில் விக்கிக்கொண்டிருந்தார். விரிவுரைக் குறிப்பில் கைகளின் பாவம் பற்றி எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கையை நம்பித் தினமும் தலைக்கு மேலே இரும்பு தொங்க விடுகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நாலு பேரில் மூத்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வாயாலை அவர் என்னவும் சொல்லட்டும் தம்பி. அந்தக் கை கீழை போனால் நாங்கள் இறக்குவம். இறக்காமல் விட்டவன் ஒருத்தன் இப்ப எங்களோடை இல்லை."

அன்றிலிருந்து ராசா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

சுவர்

நடிகனுக்கும் சபைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் இருக்கிறது என்று கொழும்பில் படித்திருந்தேன். நடிகன் சபையைப் பார்க்கக் கூடாது. சல்லியில் சனம் நாலு பக்கமும் வட்டமாக இருந்து பார்த்துப் பழகியவர்கள். ஒரு பக்கமாக இருக்க வேண்டும் என்று மணலில் கோடு கீறினேன். ஒத்திகை பார்க்க வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே ஒழுங்காக இருந்தார்கள். ராசா சபையைப் பார்க்காமல் ராணியின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கியதும் அரைவாசிப் பேர் எழும்பி, சுற்றி நடந்து, மறுபக்கம் போய் இருந்தார்கள்.

நான் ஓடிப் போய்ச் சுவரைப் பற்றி விளக்கினேன். நாகமணியண்ணையின் மனைவி பொன்னம்மாக்கா மடியில் கிடந்த வலையின் பொத்தலைத் தைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சுவர் இருக்கட்டும் தம்பி, நாங்கள் இடிக்கேல்லை. ஆனால் ஒரு வாசல் வையுங்கோ. எங்கட மனிசன் உள்ளுக்கை ஆரோடை என்ன கதைக்கிறாரெண்டு பார்க்க வேண்டாமே?"

திரை

துணிக்குத் தட்டுப்பாடு. திரைக்குச் சீலை எங்கே என்று திண்டாடியபோது, தோணியில் சாமான் ஏற்றுகிற கிண்ணியாக் காசிம் காக்கா தன் பழைய பாய்மரப் பாயை அவிழ்த்துத் தந்தார். நல்ல தடிப்பான சீலை. இரண்டு கம்பங்களை நட்டு, இழுத்துக் கட்டினோம். காலையில் அது அழகாகத் தொங்கியது. பின்னேரம் கடற்காற்று எழும்பியதும் திரை வயிறு ஊதி, முதலில் ஒரு கம்பத்தையும் பிறகு மற்றதையும் பிடுங்கிக்கொண்டு பனைகளுக்குள் போய்விட்டது. அரண்மனை என்று எழுதிய பலகை அதன் பின்னால் இழுபட்டுப் போனது.

காசிம் காக்கா சிரிக்கவில்லை. பனைக்குள் போய்ச் சீலையைத் தடவிப் பார்த்தார், கிழியவில்லை என்று கண்டார். பிறகு கம்பத்தில் கப்பி கட்டி, தோணியில் பாய் சுருக்குகிற மாதிரிக் கயிறு பூட்டித் தந்தார். அதன் பிறகு எங்கள் திரை ஒரு முறையும் தவறவில்லை. போகும்போது சொன்னார்: "காத்தப் பிடிக்கத்தான் இத நான் வாங்கின தம்பி. கட்டிப் போட்டுட்டு நில்லு எண்டா நிக்குமா? போகத்தானே பார்க்கும்."

கருவாடும் காகமும்

இருட்டடிப்புச் சட்டத்தால் இரவில் விளக்கு வைக்க முடியாது. விடிய விடிய நாடகம் பார்த்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணி வெயிலில் தொடங்கினோம். இரவில் விளக்கு மறைக்கிறவற்றையெல்லாம் வெயில் காட்டியது. ராணியின் கன்னத்தில் அரிதாரத்தை மீறித் தாடி முளைத்திருந்தது. கடற்கரையில் காயப்போட்ட கருவாட்டை விட்டுவிட்டு வர முடியாதென்று பெண்கள் ஆளுக்கொரு நீளத் தடியோடு வந்திருந்தார்கள். ராசா ராணியைக் காட்டுக்கு அனுப்புகிற இடத்தில் சபை முழுவதும் கண் கலங்கியது. அதே நேரம் காகங்கள் இறங்கின. அழுத முகத்தோடு இருபது பெண்கள் எழும்பிக் கத்தினார்கள். மேடையில் குலசேகரம் தன்னைத்தான் துரத்துகிறார்கள் என்று நினைத்து, பேச வேண்டியதைப் பேசாமலே காட்டுக்குப் போய்விட்டார்.

அதையும் சமாளித்தோம். ராசா தேடிப் புறப்படுகிற நேரம் சைரன் ஊதியது. விதானையார் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பினார். ராசா, மந்திரி, சபை, தடிகள் எல்லாம் பதுங்குகுழிக்குள் இறங்கின. விமானம் எதுவும் வரவில்லை. ஆபத்து நீங்கியதென்று மறுபடி ஊத ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் பிள்ளைகள் பசியில் அழ, சனம் கலைந்துவிட்டது. நான் கடதாசியோடு விதானையாரிடம் போனேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "ராசா வெளிக்கிட்டதை நான் கண்டனான். போய்ச் சேர்ந்ததைக் காணேல்லை. எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

வாசலில் ராசா

சல்லியில் ஒரு வழக்கம். நாடகம் நடந்து முடிந்து, வேடம் போட்டவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று மங்களம் பாட வேண்டும். அதற்கு முன் யாரும் முகம் கழுவுவதில்லை. கழுவினால் வீட்டுக்கு ஆகாது. அரைவாசியில் நின்ற நாடகத்துக்கு மங்களமும் பாட முடியாது. நாகமணியண்ணைக்கு அன்று ஆறு மணிக்கு வேலை. கிரீடத்தையும் சட்டையையும் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் முகமும் முறுக்கு மீசையும் நெற்றியில் சிவப்புமாகச் சைக்கிளில் டொக்யாட்டுக்குப் போனார்.

வாசலில் காவற்காரன் பாஸை வாங்கிப் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், இன்னொருவனைக் கூப்பிட்டான். ஒரு மணி நேரம் ஒரு பக்கமாக நிறுத்தி வைத்துவிட்டு, இன்னொரு முறை இப்படி வந்தால் பாஸைப் பறிப்போம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டுத்தான் அவர் முகம் கழுவினார். நான் தலையைக் குனிந்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "படத்திலை இருக்கிறது நான்தானெண்டு சொன்னன் தம்பி. அப்ப முகத்திலை இருக்கிறது ஆரெண்டு கேட்டான். ராசாவெண்டு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு."

மௌனம்

இரண்டாவது முறை போட எனக்குக் கிடைத்தது கடைசி ஞாயிறு. அடுத்த வாரம் கொழும்பு, இல்லாவிட்டால் கந்தோர். என் நாடகத்தில் மங்களம் கிடையாது. ராணி தனியாக நிற்கிற மௌனம்தான் முடிவு. விரிவுரையாளர் மௌனத்தை மிகவும் மெச்சுகிறவர். அந்த மௌனமே இந்த நாடகத்துக்கு மங்களம் என்று நடிகர்களுக்கு விளங்கப்படுத்தினேன். "ஓம் தம்பி" என்றார்கள். ஏலாது என்று சொல்ல மனமில்லாதவர்கள் சொல்லும் ஓம் அது.

அன்று சைரன் ஊதவில்லை. காகங்களும் தயவு காட்டின. ராணி மறுத்தாள், ராசா போனான், ராணி தனியாக நின்றாள், காசிம் காக்காவின் கயிறு ஓடித் திரை மூடியது. சபையில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவரும் அசையவில்லை. திரைக்குப் பின்னால் எனக்கு மயிர் சிலிர்த்தது. இப்படிப்பட்ட மௌனத்தைப் பற்றித்தான் வாசித்திருந்தேன். கால் மணி போனது. மௌனம் அப்படியே இருந்தது. திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொன்னம்மாக்காதான் கேட்டார்: "என்ன தம்பி, ஆருக்கும் சுகமில்லையே? ஏன் இன்னும் முடிக்கேல்லை?"

மங்களம்

நேரம் ஐந்தாகிவிட்டது. ஐந்துக்கு மேல் வெளியில் கூட்டம் கூடக் கூடாது. விதானையார் ஊதுகுழலை ஊதி, "எழும்புங்கோ, எழும்புங்கோ" என்றார். எழும்பவில்லை. முடியாத நாடகத்திலிருந்து எழும்புவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவரும் இரண்டு முறை ஊதிவிட்டு, தன் இடத்தில் போய் இருந்தார். முடிவைக் காண வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.

திரைக்குப் பின்னால் நாகமணியண்ணை அரிதாரத்தோடு நின்றார். ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். இந்த முறை பாஸ் போய்விடும். ஆனாலும் அவர் பாடவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்ன சொல்லுக்கு நிற்கிறார் என்று விளங்கியது. மங்களம் பாடினால் என் முடிவு போய்விடும், விரிவுரையாளர் என்ன சொல்வாரோ தெரியாது. பாடாவிட்டால் இந்த மனிதரின் வேலை போய்விடும். "பாடுங்கோ அண்ணை" என்றேன்.

திரை விலகியது. மங்களத்துக்கு எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். ராசாவின் பக்கத்தில் ராணியின் இடம். ஆகவே சற்று முன்பு வர மறுத்த ராணி வந்து ராசாவின் பக்கத்தில் நின்றாள். சபை எழும்பி நின்று சேர்ந்து பாடியது. விதானையார் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாடினார். பாட்டு முடிந்த கையோடு நாகமணியண்ணை கிணற்றடிக்கு ஓடினார். சனம் தடிகளை எடுத்துக்கொண்டு கருவாட்டுக்குப் போனது. முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சைக்கிளில் ஏறியபடி அவர் கத்தினார்: "நல்ல முடிவு தம்பி! முதலே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டன்!"

பத்தாவது இடம்

விதானையார் கடதாசியை முழங்காலில் வைத்து எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தார். கொழும்பில் விரிவுரையாளர் அதைச் சத்தமாக வாசித்தார். "ராணி வர மாட்டேன் என்றதை நான் கண்டேன். பிறகு இருவரும் ஒன்றாய் நின்றதையும் கண்டேன். நடுவில் என்ன நடந்ததென்று எனக்குக் காட்டப்படவில்லை. சனம் திருப்தியாக வீட்டுக்குப் போனது."

அவர் என் எழுத்துப் பிரதியின் கடைசிப் பக்கத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அப்பா பார்த்து வைத்த கதிரை என் கண்ணுக்குள் வந்து போனது. பட்டியலில் ஒன்பது பெயர் இருந்தது. அவர் பேனாவைத் திறந்து பத்தாவதை எழுதிக்கொண்டே சொன்னார்: "என்ர வகுப்புக்கு உண்மையிலை வேண்டியது இந்த விதானையார்தான். அவர் வர மாட்டார். நீர் வந்து இரும்."

பிறகு பல வருடம் நாடகம் படித்தேன், படிப்பித்தும் பார்த்தேன். இன்றும் ஒரு நாடகம் முடிந்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்தால், மேடையை விட்டுவிட்டு யார் முதலில் செருப்பைத் தேடுகிறார் என்றுதான் பார்க்கிறேன்.