மகளுக்குக் கொடுத்த என் நம்பர்

ஷார்ஜாவில் இருந்துகொண்டு என் மகளை நான் பார்க்கலாம். அவள் பேசி முடித்ததையும் கேட்கலாம். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பதுதான் கஷ்டம். இங்கே படம் போகும், எழுத்து போகும், குரலைப் பதிந்து அனுப்பினால் அதுவும் போகும். ஊரில் எல்லோரும் நாள் முழுக்கப் பேசிக்கொள்கிற இணைய அழைப்பு மட்டும் போகாது. அனுமதி பெற்ற செயலி ஒன்று உண்டு, அதற்கு மாதாமாதம் தனியாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சாதாரண அழைப்புதான். வந்த புதிதில் இதைச் சொன்னபோது என் மனைவி மாலதி நம்பவில்லை. அவ்வளவு உயரமாகக் கட்டடம் கட்டுகிறவர்கள் போனை ஏன் அடைத்து வைக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ஏழு வருடமாக இங்கே ஒரு கிடங்கில் பெட்டிகளை ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறேன். தெரியாததைக் கேட்காமல் இருக்க இந்த ஊர் நன்றாகப் பழக்கிவிட்டது. காலையில் மாலதி ஒரு குரல் பதிவு அனுப்புவாள், மத்தியானச் சாப்பாட்டின்போது நான் கேட்பேன், என் பதிலை அவள் சாயந்திரம் கேட்பாள். அவசரம் என்றால் மட்டும் நேராக அழைப்பது. இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் பள்ளி திறந்தபோது மகள் தர்ஷினியை எங்கள் ஊர் வரிச்சிக்குடியிலிருந்து காரைக்கால் டவுனில் ஒரு பள்ளிக்கு மாற்றினோம். ஏழாம் வகுப்பு. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வர வேண்டும், பள்ளி விட்டதும் அங்கேயே டியூஷன். கையில் போன் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. எந்த போன் என்பதில்தான் தகராறு. மாலதியின் பதிவு முதலில் வந்தது. “பட்டன் போனே போதுங்க. பஸ் ஏறிட்டேன், எறங்கிட்டேன்னு சொல்றதுக்கு என்னாத்துக்கு அவ்ளோ பெரிய போனு?” அடுத்த நிமிடமே தர்ஷினியின் பதிவு. “அப்பா, வீட்டுப்பாடமே குரூப்லதான் போடுறாங்க. பட்டன் போன வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது?” ஏழு வருடத்தில் அவள் என்னிடம் நேரடியாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுடைய பாவாடை அளவு எனக்குத் தெரியாது, எந்தக் காய் பிடிக்கும் என்று தெரியாது. இதையாவது நான் தீர்மானிக்கலாம் என்று எனக்குச் சந்தோஷம்.

கடையில் ஒரு பிலிப்பினோ பெண் நின்றாள். பிள்ளைக்கு முதல் போன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பெற்றோர் கட்டுப்பாடு என்று ஒரு வசதியைத் திறந்து காட்டினாள். பிள்ளை எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது, எல்லாம் அப்பாவின் போனில் தெரியும். புதிதாக எதையாவது இறக்க வேண்டுமென்றால் பிள்ளை உங்களிடம் போனைக் கொண்டுவந்து நீட்டும், நீங்கள் கட்டைவிரலை வைத்தால் போதும் என்றாள். நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்றேன். பரவாயில்லை, வேலை முடிந்து வந்து வையுங்கள் சார் என்றாள். வீட்டுக்குப் போக அடுத்த வருடம் ஆகும் என்றேன். என் இங்கிலீஷ் அவளுக்கு வேடிக்கையாகப் பட்டதோ, நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாளோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. அவளுக்கும் ஊரில் ஒரு பிள்ளை இருக்கலாம் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது.

போன் ஆயிற்று, அடுத்து சிம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை பெயரில் சிம் தர மாட்டார்கள், பெரியவர்கள் பெயரில்தான் எடுக்க வேண்டும். இங்கேதான் நான் புத்திசாலித்தனம் செய்தேன். என்னிடம் ஊர் சிம் ஒன்று இருந்தது. இருபது வயதில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில், சுவரில் ஒட்டியிருந்த தாளை அரை மணி நேரம் பார்த்து, கடைசி மூன்றும் ஒரே இலக்கமாக வருகிற நம்பராகப் பொறுக்கி எடுத்தது. பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் மாலதி கூப்பிட்டது அந்த நம்பரில்தான். தர்ஷினி பிறந்த செய்தி வந்ததும் அதில்தான். வெளிநாடு வந்தபிறகு அதில் பேச ஆளில்லை, ஆனால் விடவும் முடியாது. வங்கிக்கு அந்த நம்பர், ஆதாருக்கு அந்த நம்பர், காஸ் சிலிண்டருக்கும் அதே நம்பர். எதைத் தொட்டாலும் ஓடிபி அதற்குத்தான் போகும். ஊரில் நான் ஒருவன் இருக்கிறேன் என்பதற்கு அரசாங்கத்திடம் இருக்கும் ஒரே சாட்சி அது. இங்கே அதை வைத்திருந்தால் ஓடிபி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பரையே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். வளைகுடாவில் இருக்கிற எங்கள் பக்கத்து ஆட்கள் பலரும் செய்வதையே நானும் செய்தேன். சிம்மை ஊருக்கு அனுப்பி மகளின் போனில் போடச் சொன்னேன். ஒரே பிளானில் நம்பரும் உயிரோடு இருக்கும், பிள்ளைக்கும் ஆயிற்று. அப்பாவின் நம்பரே மகளுக்கு என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அறை நண்பர் ரஃபீக் லீவில் போனபோது, போனையும் சிம்மையும் கொடுத்துவிட்டேன். காரைக்கால்காரர், மனுஷன் திருச்சியில் இறங்கியவர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வரிச்சிக்குடிக்குப் போய்க் கொடுத்திருக்கிறார். மாலதி பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் படம் அனுப்பினாள். தர்ஷினி அன்றைக்கு மட்டும் ஒன்பது குரல் பதிவு அனுப்பினாள். பஸ் சத்தம், கூடப் படிக்கிற பிள்ளைகளின் சிரிப்பு, டியூஷன் வாசலில் நாய் குரைப்பது வரைக்கும் எல்லாவற்றையும் பதிந்து அனுப்பினாள். கிடங்கின் சூட்டில் உட்கார்ந்து ஒன்றையே நாலு தடவை கேட்டேன்.

பிறகு ஓடிபி ஆரம்பித்தது. சில நிமிடத்தில் காலாவதியாகிற விஷயத்துக்குக் குரல் பதிவு உதவாது. அதனால் நேராக அழைப்பேன். “பாப்பா, ஓடிபி வந்துச்சா?” “வந்துச்சுப்பா.” ஆறு இலக்கம் சொல்வாள், நான் வைத்துவிடுவேன். நிமிடத்துக்குக் காசு போகிற அழைப்பில் வேறென்ன பேசுவது? அவள் டியூஷனில் இருக்கும்போது ஒருநாள் ஐந்து தடவை அடித்தேன். டீச்சர் போனைப் பிடுங்கி வைத்து, மறுநாள் மாலதியை வரச்சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இது ஒன்று. இன்னொன்றை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லார் போனிலும் அந்த நம்பர் என் பெயரில், ‘சேகர் சார்ஜா’ என்றுதான் பதிந்திருந்தது. வகுப்பு குரூப்பில் தர்ஷினி சந்தேகம் கேட்டால் பாதி வீடுகளில் கேட்பது நானாக இருக்கிறேன். பையன்கள் விடுவார்களா? “சேகர் அண்ணே, கணக்கு நோட்டு குடுங்கண்ணே” என்று ஆரம்பித்து, பள்ளியில் அவளுக்குப் பெயரே சேகர் ஆகிவிட்டது. போதாததற்கு என் பழைய கூட்டாளி ஒருவன், அம்பகரத்தூர்க்காரன், குடித்துவிட்டு என்னை நினைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறான். எடுத்தவுடன் அவன் என்னைத் திட்டுகிற வழக்கமான வார்த்தையைச் சொல்லியிருக்கிறான். பன்னிரண்டு வயதுப் பெண் அதைக் கேட்டாள். இதை மாலதி எனக்கு அழுதுகொண்டே பதிந்து அனுப்பினாள். அவனைத் திட்டி ஒரு பதிவு அனுப்பினேன். சிம்மை மாற்றச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. அறையில் எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஒரு காரணமும் இல்லாமல் மகளோடு பேச ஆசையாக இருந்தது. செலவானால் ஆகட்டும் என்று அழைத்தேன்.

“இன்னும் ஒண்ணும் வரலப்பா,” என்றாள்.

“எது?”

“ஓடிபி. வந்தா சொல்றேன். இருங்க, பாக்குறேன்.”

சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டாய் என்றேன். சோறு என்றாள். படிப்பெல்லாம் எப்படி என்றேன். நல்லா இருக்கு என்றாள். அதற்கு மேல் எனக்குக் கேள்வி இல்லை. அப்போது அவளே கேட்டாள். “அப்பா, எனக்கு வேற நம்பர் எடுத்துக் குடுங்கப்பா. இது வேணாம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது எத்தனை வருட நம்பர் தெரியுமா, அதை விட்டால் ஊரில் எனக்கு என்ன இருக்கிறது, அப்பாவின் நம்பரை வைத்திருக்க உனக்கு என்ன கேவலம் என்றெல்லாம் கத்தினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்ப நீங்களே வந்து வச்சுக்குங்கப்பா,” என்றாள்.

அடுத்த வாரம் மாலதி என்னைக் கேட்காமலே தன் பெயரில் ஒரு புது சிம் வாங்கி மகளுக்குக் கொடுத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றிருந்த அந்தப் பட்டன் போனையும் வாங்கி, என் சிம்மை அதில் போட்டு, கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜரோடு வைத்திருக்கிறாள். ஓடிபி வேண்டுமென்றால் வீட்டில் இருக்கிறவர்கள் பார்த்துச் சொல்வார்கள். நல்ல ஏற்பாடு, யாருக்கும் தொந்தரவு இல்லை. தர்ஷினியின் புது நம்பரும் எனக்கு வந்தது. பதிந்து வைத்திருக்கிறேன். குரல் பதிவுகள் வருகின்றன, சின்னதாக.

புது நம்பரில் அழைக்கத் தைரியம் இல்லாத நாட்களில் நான் என் பழைய நம்பரை அழைக்கிறேன். இதை மாலதியிடம்கூடச் சொன்னதில்லை. யாரும் எடுக்காவிட்டாலும் என் வீட்டுக் கூடத்தில் ஒரு போன் அடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். வயலிலிருந்து காற்று வரும் ஜன்னல், மின்விசிறி, நான் வாங்கிப் போட்ட சோபா, எல்லாம் இருக்கிற இடத்தில் நான் அடித்துக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிறு மத்தியானம் போனை எடுத்துவிட்டார்கள். அந்த சிம்மில் என் ஷார்ஜா நம்பர் பதிந்திருக்காது, வெளிநாட்டு அழைப்பும் சில சமயம் ஏதோ ஒரு ஊர் நம்பராகத்தான் காட்டும். தன்னுடைய நம்பரைத் தன் சிம்மில் யார் பதிந்து வைப்பார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினியின் குரல் வந்தது. பழகிப்போன, மரியாதையான குரல்.

“அப்பா ஊர்ல இல்லீங்க. வந்தா சொல்றேன். நீங்க யாருங்க பேசுறது?”

இன்னொரு தடவை யாருங்க என்று கேட்டாள், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு வைத்துவிட்டாள்.