பால் வண்டி வியார்ட் வானம் மாறின கதை

வியார்ட் சாட்ஹோஃப் பதினாலு மாதமாக "மாற மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். சும்மா நிற்கவில்லை. கேட்டவனிடமும் சொன்னான், கேட்காதவனிடமும் சொன்னான். பண்ணையில் பால் எடுக்கப் போனால் பண்ணைக்காரனிடம், "மொயின்" என்று வணக்கம் வைத்த கையோடு, "நான் மாறவே மாட்டேன், பார்த்துக்கோ" என்பான். எதிலிருந்து எதற்கு என்று பண்ணைக்காரனுக்கும் தெரியாது, அவன் மாட்டுக்கும் தெரியாது.

வியார்டுக்கு வயது ஐம்பத்துநாலு. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டான். இருபத்தொன்றிலிருந்து பால் டேங்கர் ஓட்டுகிறான். உடம்புதான் ரோட்டில், மனசெல்லாம் ஆகாயத்தில். நிஜ விமானத்தில் அவன் ஏறியது வாழ்நாளில் ஒரே தடவை. கரையிலிருந்து யூஸ்ட் தீவுக்கு, ஐந்தாறு நிமிஷப் பயணம். நாலாவது நிமிஷத்தில் தன் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளேயே வாந்தி எடுத்தான். அன்றோடு சரி. அப்புறம் எல்லாம் கணினியில் ஓட்டுகிற சிமுலேட்டர்தான். அதில் நாலாயிரம் மணி நேரம் பறந்திருக்கிறான். தொப்பிக்கு ஒரு சேதமும் இல்லை.

அதற்காக அவன் கட்டி வைத்திருந்த அறை இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். வீட்டுக்குப் பின்னால் பழைய மாட்டுக்கொட்டிலில் ஒரு மூலையைத் தடுத்து, பதினோரு வருஷம் பாடுபட்டு, விமானி அறை ஒன்றைச் செய்திருந்தான். இருக்கைகள் இரண்டும் உடைத்துப் போட்ட டேங்கரிலிருந்து கழற்றியவை. கைப்பிடி ஒன்றையும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு சுவிட்சுகள். ஒவ்வொன்றுக்கும் தன் கையால் கம்பி இழுத்து, எந்தக் கம்பி எந்த வேலை என்று எண்ணெய்க் கறை படிந்த நோட்டில் எழுதி வைத்திருந்தான். படித்தவன் கூடச் செய்ய முடியாத வேலை. ஆனால் அத்தனையும் பழைய சிமுலேட்டருக்குச் செய்தது. இப்போது வந்திருக்கிற புது சிமுலேட்டருக்கு மாறினால் அந்த நோட்டு அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

வலது பக்க இருக்கை அவன் மனைவி கேஷேயுடையது. அவளுக்கு ஒரே வேலை: இறங்கும்போது இறக்கையின் மடலைக் கீழே இறக்குகிற கைப்பிடியை இழுப்பது. இழுத்துவிட்டு "மடல் இறங்கியாச்சு, கேப்டன்" என்பாள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவனை அவள் கேப்டன் என்று கூப்பிடுவதில்லை. என்னென்னவோ சொல்லிக் கூப்பிடுவாள்.

அந்த ஒரு நாள் வியாழக்கிழமை. அன்று சாயங்காலம் ஊப்வார்டென் ஊரின் பறக்கும் கழகத்தார் ஆறு பேரும் அவரவர் வீட்டில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே வானத்தில் ஒன்றாகக் கிளம்பி, கரைக்கு எதிரில் இருக்கிற ஏழு தீவுக்கும் தபால் கொண்டுபோவார்கள். தபால் என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரு நிமிஷம் பிந்தினால் தலைவர் ஃப்ரெரிக் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. இல்லாத தபாலுக்கும் அவரிடம் கணக்கு உண்டு.

கழகத்துக்குச் சட்டம் உண்டு. அதை எழுதிய நாளில், எந்த சிமுலேட்டர், அதில் எந்தப் பதிப்பு என்பதையும் நாலாம் விதியில் எழுதித் தொலைத்துவிட்டார்கள். மாற்றவேண்டுமானால் ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும். ஐந்து பேர் வீட்டில் புதுசு வந்து உட்கார்ந்தாயிற்று. வியாழன் மட்டும் வியார்டுக்காகப் பழசில் பறந்தார்கள். பறந்தார்கள் என்றா சொல்வது? முனகிக்கொண்டே மிதந்தார்கள்.

கழகத்து ஆறு பேரில் ஒருத்தியான ஊர்த் தபால்காரி இம்கேதான் போட்டு உடைத்தாள்.

"யோவ் வியார்ட், ஞாயித்துக்கிழமை ஓட்டெடுப்பு. நீ மறுபடியும் மாட்டேன்னா நாங்க அஞ்சு பேரும் கழகத்தை விட்டுட்டுப் போறோம். வேற பேர்ல புதுசா ஆரம்பிச்சுக்கிறோம். அப்புறம் நீயும் ஃப்ரெரிக்கோட சட்டமும் சேர்ந்து பறங்க."

"ஃப்ரெரிக்குமா போறார்?"

"அவர்தான்யா முதல்ல கையெழுத்துப் போட்டார்."

வியார்ட் கணக்குப் போட்டுப் பார்த்தான். சரி என்றால் பதினோரு வருஷத்து அறை செத்துப் போகும். மாட்டேன் என்றால் வியாழக்கிழமை செத்துப் போகும்.

"சரி, ஒண்ணு பண்ணு" என்றாள் இம்கே. "சனிக்கிழமை காலைல என் வீட்டுக்கு வா. பத்தே நிமிஷம் ஓட்டிப் பாரு. பிடிக்கலைன்னா அங்கேயே காறித் துப்பு."

"துப்பத்தான் வர்றேன்."

போனான். இம்கே வீடு முந்நூறு அடி தள்ளி, அதே தெருவில். நாற்காலியில் திமிராக உட்கார்ந்து கரையோர ஓடுதளத்திலிருந்து ஒரு சின்ன விமானத்தைக் கிளப்பினான். கடலணை கீழே நழுவியது. அணைமேல் ஆடுகள் வெள்ளை வெள்ளையாக மேய்ந்தன. நீர் வற்றிய சேற்று வெளியில் வெயில் பட்டு, அதிலே ஓடிய கால்வாய்கள் எல்லாம் வெள்ளிக்கம்பி போல் மின்னின. துப்ப வந்தவன் வாயில் எச்சில் ஊறவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னய்யா, ஈ போகப் போகுது" என்றாள் இம்கே.

"சும்மா இரு. அது என்ன, போர்க்கும் தீவுப் பக்கம் கறுப்பா தொங்குது?"

"மழை."

"யார் போட்டது?"

"யாரும் போடலை. இப்போ வெளியில என்ன வானமோ அதுதான் இதுல. வானிலைக்காரங்க சொல்றதை அப்படியே வாங்கிப் போடும்."

வியார்ட் ஜன்னல் வழியே பார்த்தான். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. திரும்பத் திரையைப் பார்த்தான். சாம்பல் நிறத் திரைச்சீலை ஒன்று கடல்மேல் இழுபட்டு நேராக ஊப்வார்டெனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"துண்டு!" என்று கத்தினான்.

கேஷே ஊரில் முடி திருத்துகிறவள். சனிக்கிழமை காலை அவள் கடைத் துண்டுகள் நாற்பதும் கொல்லைக் கொடியில் காயும். மதியம் ஒரு கல்யாணக் கும்பல் தலை அலங்காரத்துக்கு வருகிறது.

"யோவ், விமானம் காத்துல நிக்குதுய்யா!"

"நீ பிடி!"

"நான் தொடமாட்டேன், உன் விமானம்!"

வியார்ட் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். நூற்றுப் பத்துக் கிலோ உடம்பு, காலில் மரக்கட்டைச் செருப்பு, தடதடவென்று. எதிரில் வந்தவர்கள் கொட்டில் தீப்பற்றிவிட்டது என்று நினைத்துக் கூடவே ஓடிவந்தார்கள். கொல்லைக்குள் பாய்ந்து துண்டுகளைக் கொத்துக் கொத்தாக உருவினான். கவ்விகள் நாலாபக்கமும் தெறித்தன. முப்பத்தொன்பது முடிந்து, நாற்பதாவது துண்டில் கை வைத்தபோது மூக்கு நுனியில் முதல் சொட்டு விழுந்தது. அவன் பின்வாசல் கூரைக்கு அடியில் பாய்வதற்கும் மழை ஊற்றோ ஊற்றென்று ஊற்றுவதற்கும் சரியாக இருந்தது.

கேஷே பின்வாசலில் நின்று பார்த்தாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் கொடியிலிருந்து ஒரு காலுறையைக்கூட எடுத்ததில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்? வெயில்தானே அடிச்சுது?"

"மேல இருந்து பார்த்தேன்" என்றான் வியார்ட். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். தலையில் ஒரு துண்டு, தோளில் பத்துத் துண்டு, நிறுத்த முடியாத சிரிப்பு. கொட்டில் தீயை அணைக்க வந்தவர்கள் நனைந்துகொண்டே அவனைப் பார்த்தார்கள்.

"அப்போ மாறிடு" என்றாள் கேஷே. "துண்டுக்காகவாவது."

சிரிப்பு பொசுக்கென்று நின்றது. "நம்ம அறை செத்துப் போயிடும், கேஷே. ஒரு சுவிட்சும் வேலை செய்யாது. உன் கைப்பிடியும்தான்."

கேஷே துண்டுகளை மடிப்பதுபோல் ஒரே துண்டை நாலு தடவை மடித்தாள். பிறகு, "செத்ததைப் பார்த்துட்டு அழு. பார்க்காமலே ஒப்பாரி வைக்காதே" என்றாள்.

மாலையில் கல்யாணத் தலைகள் எல்லாம் முடிந்தபிறகு, இம்கே தன் கணினியை மழைக்கோட்டில் சுற்றி, தபால் வண்டியின் பெட்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். வந்ததும் முதல் வார்த்தை: "உன் விமானம் சேத்துல மூக்கைக் குத்திட்டு நிக்குது. மீட்கிறவங்களுக்கு நீதான் சாராயம் வாங்கித் தரணும்."

அறையின் கம்பிகளை அதில் செருகினார்கள். வியார்ட் முதல் சுவிட்சைப் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு, நூற்றுப் பதினொன்று வரைக்கும் போனான். பிணத்தின் நாடி பார்ப்பது போலத்தான்.

கேஷே தன் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். பழக்க தோஷம், கை தானாகப் போய்க் கைப்பிடியை இழுத்தது.

திரையில் மடல் இறங்கியது.

"மடல் இறங்கியாச்சு, கேப்டன்" என்றாள் கேஷே, மெதுவாக.

"எப்படி? அது மட்டும் எப்படி?"

இம்கே கைப்பிடியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தொடையில் அடித்துக்கொண்டாள். "யோவ், இது கடையில வாங்கினதுய்யா! எந்த சிமுலேட்டர்லயும் வேலை செய்யும்."

உண்மைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கைப்பிடி உடைந்தது. செய்து தருகிறேன் செய்து தருகிறேன் என்று வியார்ட் மூன்று மாதம் இழுத்தடித்தான். கேஷே பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி வாங்கி வந்து தானே திருகி வைத்துக்கொண்டாள். "என் அறையில கடைச் சரக்கா!" என்று அவன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

இப்போது அவன் அந்தக் கடைச் சரக்கையே உற்றுப் பார்த்தான். பிறகு செத்துக் கிடந்த நூற்றுப் பதினொன்றையும் பார்த்தான். மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. இரண்டு வருஷமாக அவனுக்குக் கை அரிப்பு. கட்ட ஒன்றும் மிச்சமில்லாமல், வேலை செய்கிற சுவிட்சையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

"இம்கே, இதெல்லாத்தையும் மறுபடி புதுசுக்குக் கம்பி இழுக்கலாமா?"

"இழுக்கலாம். ஒவ்வொண்ணா இழுத்தா பத்து வருஷம் ஆகும்."

"பத்து வருஷமா!" என்றான் வியார்ட். பரிசுச்சீட்டு விழுந்தவன் குரல் அது. நோட்டைத் தேடி எடுத்து, வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, மேலே '1' என்று போட்டான்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஃப்ரெரிக் வீட்டில் ஓட்டெடுப்பு. கழகத்தில் ஓட்டு என்பது கரண்டியால்தான். எங்கள் கரையில் தேநீர்க் கோப்பைக்குள் கற்கண்டு போட்டு, தேநீர் ஊற்றி, மேலே பாலேடு மிதக்க விட்டுக் குடிப்பார்கள். கலக்கினால் பாவம். பிறகு எதற்குக் கரண்டி? போதும் என்று சொல்ல. கோப்பைக்குள் கரண்டியை நிறுத்தாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மூன்று கோப்பை குடிப்பது முறை. மூன்றாவது முடிந்ததும் பழசே போதும் என்கிறவர் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கவேண்டும். புதுசு வேண்டும் என்கிறவர் தட்டிலேயே விட்டுவிடவேண்டும். ஒரு கரண்டி உள்ளே போனாலும் தீர்மானம் தோற்றது.

மற்ற ஐந்து பேரும் ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஏனென்றால் பிறந்ததிலிருந்து மூன்றாவது கோப்பைக்குப் பிறகு கரண்டியை உள்ளே வைத்துப் பழகிய கை அது. வியார்ட் ஒத்திகை பார்க்கவில்லை. பதினாலு மாதமாக எதிர்ப்பவனுக்கு எதற்கு ஒத்திகை?

அன்று அவன் நிலைகொள்ளாமல் இருந்தான். துண்டுக் கதையை இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது கோப்பையை மடக்கென்று குடித்துவிட்டு, "தலைவரே, கேட்டுக்குங்க! நான் மாறிட்டேன்! புதுசுதான்!" என்று முழங்கினான். முழங்கிக்கொண்டே கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் நிறுத்தினான்.

'ணங்' என்று ஒரு சத்தம்.

"அடப்பாவி" என்றாள் இம்கே.

வியார்ட் குனிந்து பார்த்தான். தன் கையையே யாரோ வேற்றாள் மாதிரி பார்த்தான். "இது நான் வைக்கலை! கை வச்சுது!"

"கரண்டி கரண்டிதான்" என்றார் ஃப்ரெரிக். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. அவருக்கும் புதுசுதான் வேண்டும். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. "வாயால சொன்னது கணக்குல வராது. அடுத்த ஓட்டு அடுத்த வருஷம்."

"தலைவரே, அவனைப் பாருங்க, அழுதுடுவான் போல!" என்றாள் இம்கே.

ஃப்ரெரிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் ஒரு வரியில் விரலை வைத்தார். "கெண்டியில தேநீர் இருக்கிறவரைக்கும், கரண்டி வச்சவர் அதை எடுத்துட்டு இன்னொரு கோப்பை குடிச்சா, முந்தைய கரண்டி செல்லாது."

"ஊத்துங்க!" என்று மற்ற ஐந்து பேரும் கத்தினார்கள்.

வியார்ட் நாலாவது கோப்பையைக் குடித்தான். குடித்து முடித்து ஒரு பெருமூச்சு விட்டான். வலது கை மெதுவாக நகர்ந்தது. கரண்டியைத் தூக்கியது.

"கையைப் பாரு! கையைப் பாரு!" என்று எல்லோரும் அலறினார்கள்.

விருந்தாளியாக மூலையில் உட்கார்ந்திருந்த கேஷே எழுந்து வந்தாள். அவன் விரல்களுக்கிடையிலிருந்து கரண்டியை உருவி, தன் கைப்பைக்குள் போட்டு, 'டப்' என்று மூடினாள்.

"கரண்டி தட்டுலயாவது இருக்கணுமே?" என்றான் வியார்ட் பயந்துபோய்.

ஃப்ரெரிக் புத்தகத்தை மறுபடி பார்த்தார். "கோப்பைக்குள்ள இருக்கக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. கைப்பையைப் பத்தி ஒண்ணும் இல்லை. தீர்மானம் நிறைவேறியது."

மேஜை குதித்தது. ஆறு பேரும் ஒருவரையொருவர் முதுகில் அறைந்துகொண்டார்கள். வியார்ட் கழிப்பறைக்கு ஓடினான்.

அடுத்த வியாழன் கரையிலிருந்து ஆறு விமானங்கள் புதிய வானத்தில் கிளம்பின. வியார்டின் அறையில் நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதனால் நாலாயிரம் மணி நேரம் பறந்த கேப்டன், ஒரு பலகையை மடியில் வைத்து, அதன்மேல் மவுஸை உருட்டி விமானம் ஓட்டினார். யூஸ்ட் ஓடுதளம் நெருங்கியது. விமானம் குடித்தவன் போல் ஆடியது.

"மடல்!" என்று கத்தினான் வியார்ட்.

கேஷே நிதானமாகக் கைப்பிடியை இழுத்தாள்.

"மடல் இறங்கியாச்சு, கேப்டன். இந்த விமானத்துல வேலை செய்யற ஒரே ஆள் நான்தான்னு ஞாபகம் இருக்கட்டும். முன்னாடி பாரு, ஓடுதளத்துல ஆடு!"