முப்பத்தெட்டாம் பொருளுக்கு இரண்டாவது சாட்சி

அகராதி அலுவலகத்தில் அவருக்குச் சீட்டம்மா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அது மாதத்தில் ஒரு நாள் மட்டும் பயன்பட்டது. ஒரு சொல்லை யார், எந்தத் தொழிலில், எந்தப் பொருளில் சொன்னார்கள் என்று உள்ளங்கை அகலச் சீட்டில் எழுதி வருவதுதான் வேலை. பதினொரு வருடமாக அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு சொல்: பிடி.

“சீட்டம்மா, இன்னைக்கு என்ன பிடிச்சுது?” என்பார்கள் மாடிப்படியில்.

“சளி. அது ஏழாம் பொருள், ஏற்கெனவே இருக்கு.”

சின்னச் சொல்தான். ஆனால் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அதற்கு அங்கே ஒரு தனி உத்தியோகம் இருந்தது. தையற்காரர் இடுப்பில் கொஞ்சம் பிடித்தால் சட்டை சிறுத்துவிடும். கொத்தனார் பூச்சு பிடித்துவிட்டதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பார். தோட்டக்காரருக்கு ஒட்டுச்செடி பிடிக்க வேண்டும். சமையற்காரருக்கு எதுவும் பிடித்துவிடக் கூடாது, பிடித்தால் பாத்திரத்தை இரண்டு நாள் ஊறப்போட வேண்டும். ஓரிடத்தில் பாக்கியமாக இருப்பது அடுத்த தெருவில் நாசமாக இருந்தது. சொல்லுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த அலுவலகத்துக்கு மதம் மாதிரி ஒரு விதி உண்டு. கேட்டு வாங்கிய சொல் செல்லாது. கேட்டால் ஜனங்கள் தலை சீவிக்கொண்டுதான் பேசுவார்கள். ஆகவே, ஏதாவது சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது தானாக வாயில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பேர் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னது ஒற்றைச் சீட்டு. தொகுதி அச்சுக்குப் போகும்போது ஒற்றைச் சீட்டுகள் கழிவுக் கட்டுக்குப் போய்விடும்.

காத்திருப்பதில் சீட்டம்மாவை மிஞ்ச ஆளில்லை. இந்தத் திறமையை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோனார். வெளியூரிலிருந்து மகள் போனில் அழுதால், என்ன ஏது என்று கேட்காமல் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். “அம்மா, ஏதாவது கேளேம்மா!” என்று அவள் கத்தியதும் உண்டு. கேட்டால் பாதி உண்மைதான் வரும் என்பது அம்மாவின் கட்சி. கேட்காவிட்டால் சில சமயம் எதுவுமே வராது என்பதை அந்த விதி எங்கும் சொல்லவில்லை.

கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். முழங்கை வரை நீலம். எத்தனை சோப்பு போட்டும் போகாது. “உன் அகராதியில என்னைப் போடு. இங்க பாரு, எப்படிப் பிடிச்சிருக்கு!” என்று கையை நீட்டுவார். இருபத்திரண்டாம் பொருள் அப்படி வந்ததல்ல. அவர் கேலிக்காகச் சொன்னது செல்லாது என்று, அதே பட்டறையில் வேறு இரண்டு பேரிடமிருந்து எடுத்தார் சீட்டம்மா.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு காலை. வேலைக்குக் கிளம்பி, செருப்பில் ஒரு காலை நுழைத்த கணவர் அப்படியே நின்றார்.

“நெஞ்சுல என்னமோ பிடிச்சிக்கிட்டே வருது.”

தசை பிடித்துக்கொள்வது சீட்டம்மாவுக்குத் தெரியும், அது பதினான்காம் பொருள். ஒரே வெட்டில் வரும். இது அப்படியில்லை. துணியின் ஓரத்தை நனைத்தால் சாயம் மெல்ல மேலே ஏறுமே, அதைப் போல ஒரு வலி. அதுவரையிலான எட்டு வருடத்தில் காதில் விழாத பொருள். அவர் கை பேனாவுக்குப் போனது.

“என்ன, புதுசா?” என்று சிரித்தார் கணவர்.

தலையாட்டிவிட்டு எழுதினார் சீட்டம்மா: சாயத் தொழிலாளி, ஆண், ஐம்பத்து நான்கு, வீட்டில், காலை. ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்வார் என்று காத்திருந்தார். “கொஞ்சம் சாஞ்சிட்டுப் போறேன்” என்று உள்ளே போனார் கணவர். தேநீரோடு பின்னால் போனபோது கேட்பதற்கு ஆள் இல்லை.

“முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தாலும் பெருசா எதுவும் மாறியிருக்காதும்மா” என்றார் டாக்டர். ஆனால் அது சீட்டம்மா கேட்டு வாங்கிய பதில். அவர் கணக்கில் செல்லாது.

இப்போது தொகுதி அச்சுக்குத் தயாராகிவிட்டது. ஆசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“அம்மா, முப்பத்தெட்டுக்கு ரெண்டாவது ஆள் இல்லையே.”

“மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கே சார்.”

“எதுக்கும்மா அலையறீங்க? நான் சொல்றேன், எழுதிக்குங்க. எனக்கும் அப்பப்ப நெஞ்சுல பிடிச்சிக்கிட்டேதான் வருது.”

“நீங்க சீட்டைப் படிச்சிட்டுச் சொல்றீங்க. செல்லாது.”

இரண்டாவது சாட்சி கிடைத்தால் கணவரின் ஒரு வாக்கியம் அச்சில் நிற்கும். இல்லாவிட்டால் கழிவுக் கட்டு. மறுநாளிலிருந்து சீட்டம்மா ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில், இதய நோய்ப் பிரிவுக்கு எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

“யாரைப் பாக்கணும்?” என்றார் காவலாளி.

“வருவாங்க.”

எட்டு நாள். குத்துது என்றார்கள், எரியுது என்றார்கள், அடைக்குது, இழுக்குது, படபடங்குது என்றார்கள். வலிக்கு இத்தனை சொல் வைத்திருக்கும் மக்கள் அந்த ஒன்றை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு தச்சர் வந்தார். தொழிலைக் கேட்க வேண்டியதில்லை; புருவத்தில் மரத்தூள் இருந்தது. கூட வந்த மகள் அவரைச் சீட்டம்மாவின் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“என்னப்பா செய்யுது? வழியெல்லாம் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லைன்னே வந்தே.”

“ஒண்ணுமில்லடி. காலையிலேர்ந்து இங்க என்னமோ...” தச்சர் கையை நெஞ்சில் வைத்து, மேல்நோக்கி மெல்லத் தேய்த்தார். சொல்லைத் தேடினார். “என்னமோ மெல்ல மெல்ல...”

வந்துகொண்டிருந்தது. பதினொரு வருட அனுபவம், அவருக்குத் தெரியாதா? மூடி கழற்றிய பேனாவோடு இன்னும் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தால் போதும்.

“வலிக்குதா?” என்றார் சீட்டம்மா. “எத்தனை மணியிலேர்ந்து? கைக்குப் போகுதா? வேர்க்குதா? ஏங்க, சொல்லுங்க, மூச்சு விட முடியுதா?”

தச்சர் மிரண்டுபோனார். “ஆமாம்மா, வலிதான்” என்றார்.

சீட்டம்மா எழுந்து ஓடி நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தார்.

“டோக்கன் எத்தனை?”

“டோக்கன் கிடக்கட்டும், முதல்ல அவரைப் பாருங்க!”

சக்கர நாற்காலியில் உள்ளே போனவர் முக்கால் மணி நேரத்தில் தன் காலாலேயே வெளியே வந்தார். வாயுவாம். ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

“நல்லா பயமுறுத்தினீங்க போங்க” என்றாள் மகள்.

“விடுடி, அக்கறையில கேட்டாங்க.” தச்சர் சீட்டம்மாவைப் பார்த்தார். “நீங்க யாரைம்மா கூட்டிட்டு வந்தீங்க?”

“யாரையும் கூட்டிட்டு வரல” என்றார் சீட்டம்மா.

சாயங்காலம் அலுவலகத்தில் ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். “யாராவது சொன்னாங்களா?”

“சொல்லத்தான் வந்தார் சார். நான் கேட்டுட்டேன்.”

ஆசிரியர் பென்சிலை எடுத்து, அதைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, முப்பத்தெட்டின் மேல் கோடு போட்டார். முப்பத்தொன்பதாவதாக இருந்த ‘பெண் யானை’ அந்த இடத்துக்கு ஏறியது. அதற்குச் சாட்சிக்குப் பஞ்சமில்லை. பழைய செய்யுள்களில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது.